சொல்லிவிட்டுக் கையை எடு

அன்னக்கிளி உள்ளங்கையில் ஸ்பிரிட்டை ஊற்றிக்கொண்டு, அழகுசுந்தரம் செட்டியாரின் முதுகில் இடுப்பெலும்பு துருத்தி நிற்கும் இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வட்டமாக, அழுத்தாமல், தோல் லேசாகச் சூடேறும் வரை. அப்புறம் இரண்டு குதிகால்கள். அப்புறம் பவுடர். பதினைந்து மாதமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரை ஒருக்களித்தும் மல்லாத்தியும் மாற்றிப் படுக்க வைத்துவருகிறாள். எழுபத்திரண்டு வயது உடம்பில் ஓரிடத்திலும் படுக்கைப் புண் கிடையாது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. புண் வந்திருந்தால் சொல்லியிருப்பார்கள்.

“நர்சு, பேப்பர் வந்துருச்சா?”

“வீரையா வாங்கப் போயிருக்காரு. இந்தக் காலை மடக்குங்க.”

“மடங்கலையே.”

“மடங்காதுன்னு எனக்கும் தெரியும். மடக்கப் பாருங்கன்னுதான் சொல்றேன்.”

செட்டியாருக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், ஆனால் புரியும். கண்ணும் காதும் கூர்மை. அறிவு அதைவிடக் கூர்மை, அதுதான் தொல்லை. பள்ளத்தூரில் எழுபத்திரண்டு தூண் நிற்கும் அந்த வீட்டின் ஓர் அறையில் படுத்தபடியே அவர் வியட்நாம் சண்டையை நடத்திக்கொண்டிருந்தார்.

1975, பங்குனி மாதம். அவருடைய ஒரே மகன் மெய்யநாதன் சைகோனில் இருந்தார். துணிக்கடை, கடைக்கு மேலே வீடு. செட்டியார் தம் இருபது வயதில் கப்பலேறிப் போய் ஊன்றிய கடை அது. வடக்கே இருந்து கம்யூனிஸ்டுப் படை ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தது. முதலில் மலையூர் ஒன்று. பிறகு ஹூவே. பிறகு டா நாங். வீரையா காரைக்குடியிலிருந்து வரும் பஸ்ஸில் பேப்பரை வாங்கிவந்து சத்தமாகப் படிப்பார். கேட்டுவிட்டுச் செட்டியார் ஒன்றுதான் சொல்வார்.

“அமெரிக்காக்காரன் விடமாட்டான்.”

மருமகள் சாலா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். நாற்பது வயது. புருஷன் ஏழு வருஷத்தில் மூன்று முறைதான் வந்து போயிருந்தார். கேட்டு முடித்ததும் அடுப்படிக்குப் போய்க் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள்.

அன்னக்கிளிக்குச் சண்டையில் அக்கறையில்லை. அவளுக்கு வேறு கணக்கு. நெற்குப்பையில் அவள் மகள் சின்னத்தாயிக்குச் சித்திரைக் கடைசியில் பேறுகாலம். அதற்குள் இங்கிருந்து கிளம்ப வேண்டும். ஆனால் சாலா தை மாதமே அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள்: “அவுக வர்ற வரைக்கும் இருங்க நர்சம்மா. தனியா என்னால ஆகாது.” சரி என்று அன்னக்கிளி சொல்லிவிட்டாள். சொல்லும்போது அது இவ்வளவு நீளும் என்று யாருக்குத் தெரியும்.

அவள் ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். நெற்குப்பைப் பக்கம் நாலு ஏக்கர் வானம் பார்த்த பூமி வைத்திருந்த குடும்பம். புருஷன் கருத்தையா கல்யாணமான மூன்றாம் வருஷம் விஷக் காய்ச்சலில் போனார். எட்டு மாதக் கைக்குழந்தையோடு மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். கூட்டுவது, துடைப்பது, பெட்பான் எடுப்பது. இரண்டு வருஷம் கழித்து அங்கிருந்த தலைமை சிஸ்டர் அவளை நோயாளிக்குப் பணிவிடை செய்யும் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்.

பயிற்சியின் முதல் மாதத்திலேயே ஒரு தப்பு செய்தாள். எழுந்து நடக்கப் பழகிக்கொண்டிருந்த கிழவி ஒருத்தியை அக்குளில் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் கொசு கடித்தது. ஒரு நொடி, அதை அடிக்கக் கையை எடுத்தாள். கிழவி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நாற்பது நாளில் செத்துப்போனாள். சிஸ்டர் திட்டவில்லை. “கையை எடுப்பதானால் சொல்லிவிட்டு எடு. சொல்லியிருந்தால் அவள் கட்டிலைப் பிடித்திருப்பாள்” என்றார். அவ்வளவுதான்.

பிறகு இருபது வருஷம் ஆஸ்பத்திரி. அதன்பின் செட்டிநாட்டு வீடுகளில் படுத்த படுக்கையானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இது பன்னிரண்டாவது வீடு. பதினொரு வீடுகளில் ஒன்பது சாவு. மருந்தைவிட அதிகமாக அவள் பார்த்தது காத்திருப்பைத்தான். மதுரையிலிருந்து பெரிய டாக்டர் வருகிறார் என்பார்கள். வருகிறார் என்ற நினைப்பிலேயே உள்ளூர் டாக்டர் கொடுத்ததைக் கொடுக்காமல் விட்டுவிடுவார்கள். சில சமயம் பெரிய டாக்டர் வந்து நிஜமாகவே பிழைக்க வைத்தும் இருக்கிறார். அதனால் அவள் யாரையும் கேலி செய்வதில்லை.

செட்டியாரையும் கேலி செய்ய முடியாது. அவர் சொன்னதற்கெல்லாம் ஆதாரம் இருந்தது.

“நாப்பத்தஞ்சுல நான் அங்கதான் இருந்தேன். பிரெஞ்சுக்காரன் போயிட்டான், இனி வரமாட்டான்னாக. ஓடுனவன் கடையெல்லாம் போச்சு. நான் கோயில் மண்டபத்துல மூணு மாசம் கஞ்சி குடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். இங்கிலீசுக்காரன் துணைக்கு வந்தான், பின்னாடியே பிரெஞ்சுக்காரன் கப்பல்ல வந்து இறங்குனான். கடை தப்புச்சு. அறுபத்தெட்டுல தை மாசம் ஊருக்குள்ளயே பூந்துட்டாக. அமெரிக்காக்காரன் ஒரே மாசத்துல துரத்துனான். எழுபத்திரண்டுல பெரும்படையா வந்தாக. மேலேருந்து குண்டா போட்டான், திரும்பிப் போனாக. மூணு தரம். மூணு தரமும் கூட்டாளி வந்தான். இப்ப மட்டும் வராமப் போயிருவானா?”

வீரையா அந்த வீட்டில் முப்பது வருஷமாக வேலை பார்ப்பவர், பயமில்லாமல் பேசுவார். “வாக்குக் குடுத்த அமெரிக்க ஜனாதிபதியே போன ஆடியில வேலையை விட்டுப் போயிட்டாருங்களே ஐயா. இப்ப இருக்கிறது வேற ஆளு.”

“அடப் போடா. ஆளு மாறுனா என்ன? நம்ம கடையில ஏசெண்டு மூணு வருஷத்துக்கு ஒருத்தன் மாறுவான். முதல் ஏசெண்டு குடுத்த வாக்கை அடுத்தவன் இல்லைங்க முடியுமா? கடைப் பேரு, அதான் விலாசம், ஒண்ணு. வாக்கு விலாசத்துக்கு.”

“அது செட்டியார் கடைக்குச் சரி.”

“எல்லாக் கடைக்கும் அதான்டா.”

“எழுபத்தொண்ணுல பாகிஸ்தானுக்கு ஒத்தாசைன்னு ஏழாவது கப்பற்படையை அனுப்புனாகளே. டாக்காவுல பாகிஸ்தான் தளபதி ஒருத்தன் வருது வருதுன்னு கடலையே பாத்துக்கிட்டு நின்னான். கப்பல் வந்து கடல்காத்து வாங்கிட்டுப் போயிருச்சு.”

“அப்ப நமக்கு ரஷ்யாக்காரன் துணை இருந்தான். அதான் வந்தவன் கிட்ட வரலை. நீ சொல்றதும் நான் சொல்றதும் ஒண்ணுதான். கூட்டாளி இருந்தா சண்டை வேற.”

வீரையா அன்னக்கிளியைப் பார்த்து, “பாத்தீகளாக்கா, எப்படிப் போட்டாலும் ஐயாவுக்குத்தான் தாயம் விழுகுது” என்றார்.

“விழட்டும். அந்தப் பக்கத்தைப் பிடிங்க, இவுகளை உக்கார வைக்கணும்.”

சிக்கல் என்னவென்றால், மெய்யநாதன் அப்பா சொல்லாமல் அடியெடுத்து வைக்கமாட்டார். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மகன் கடல்கடந்து போகும்போது, இளையாத்தங்குடிக் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, அப்பா அவன் காதில் ஒரு சொல்லைச் சொல்வார். தந்தியில் எந்த உத்தரவு வந்தாலும் அதில் அந்தச் சொல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது அப்பா கொடுத்த உத்தரவாகாது. செட்டியாரின் பெரியப்பா ஒருவரை எவனோ பொய்த் தந்தி கொடுத்து ஊருக்கு வரவழைத்துவிட்டு, அவர் இல்லாத நேரத்தில் கடையை வளைத்துக்கொண்டானாம். அன்றைக்கு ஏற்பட்ட வழக்கம். அந்தச் சொல் அப்பாவுக்கும் மகனுக்கும் மட்டும் தெரியும். பெண்களுக்குச் சொல்வதில்லை.

டா நாங் விழுந்த மறுவாரம் சாலா யாருக்கும் சொல்லாமல் வீரையாவை அனுப்பித் தந்தி கொடுத்தாள். ‘அப்பச்சிக்கு சீரியஸ். உடனே புறப்படவும்.’ நாலாம் நாள் பதில் வந்தது. ‘சீரியஸ் என்ற தந்தியில் சொல் இல்லை. அப்பச்சி உத்தரவுக்குக் காத்திருக்கிறேன். உண்மை நிலைமை தெரிவிக்கவும்.’

அந்தக் காலத்தில் ஊரில் பாதித் தந்தி அப்பா சீரியஸ், அம்மா சீரியஸ் என்றுதான் போகும். லீவு வேண்டியவனும் அதைத்தான் காட்டுவான், பெண் பார்க்கக் கூப்பிடுகிறவனும் அதைத்தான் கொடுப்பான். யார் நம்புவார்கள்? அதிலும் தபால்காரர் பதில் தந்தியைச் செட்டியார் படுத்திருந்த அறைக்கே கொண்டுவந்து உரக்கப் படித்துவிட்டார்.

“எனக்கா சீரியஸ்?” என்று செட்டியார் இடது கையால் கட்டிலில் அடித்தார். “நான் சாகுறதுக்கு முன்னாடியே என்னைத் தந்தியில கொன்னுட்டியா?”

சாலா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “நீங்க நூறு வருஷம் இருங்க மாமா. அவுகளும் இருக்கட்டும்னு கேக்குறேன். ஒரு சொல்லு. அதைச் சொல்லிருங்க.”

“இப்ப வந்தான்னா கடையில எவன் வேணா பூந்துருவான். பத்து நாள்ல அமெரிக்க விமானம் வந்துரும். பேப்பர்ல போட்டிருக்கான். அமெரிக்க ஜனாதிபதியே அவுக பார்லிமெண்டுல உதவிக்குப் பணம் கேட்டிருக்காரு.”

“கேட்டிருக்காரு. குடுக்கலையே.”

“குடுப்பாக.”

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டைச் செட்டியார் தொடவில்லை. சாலாவும் சாப்பிடவில்லை. அன்னக்கிளி மட்டும் சாப்பிட்டாள். தூக்கிப் புரட்டுகிறவள் பட்டினி கிடந்தால் யாருக்கும் லாபமில்லை.

சித்திரை பிறந்தது. வெயில் ஏறியது. செட்டியாரை நிற்க வைக்கும் பயிற்சியைத் தினமும் விடியற்காலைக்கும் சாயங்காலத்துக்கும் மாற்றிக்கொண்டாள். கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, அவர் பாதத்துக்குத் தன் பாதத்தை முட்டுக்கொடுத்து, இடுப்புத் துண்டைப் பிடித்துத் தூக்குவாள். அவர் ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொள்வார். நாற்பது எண்ணும் வரை நிற்பார். அவள் முதுகில் ஏதோ ஒன்று ஒவ்வொரு முறையும் சுளுக்கென்று இழுக்கும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நெற்குப்பையிலிருந்து வந்த பஸ் கண்டக்டரிடம் சின்னத்தாயி சொல்லியனுப்பியிருந்தாள்: அம்மா எப்ப வருதுன்னு கேட்டுவா. அன்னக்கிளி யோசித்துப் பார்த்துப் பதில் சொல்லியனுப்பினாள்: “நேரத்துக்கு வர முடியாதுபோலத் தெரியுது. என்னை நம்பிக்கிட்டு இருக்க வேணாம். மருத்துவச்சிகிட்ட இப்பவே சொல்லி வைக்கச் சொல்லு.” சொன்ன பிறகு அன்றைக்கு முழுக்க வாய் கசந்தது.

சித்திரை நாலாம் தேதி சாயங்காலம் ரேடியோவில் பக்கத்து நாட்டுச் செய்தி வந்தது. கம்போடியாவின் தலைநகரம் விழுந்துவிட்டது. அமெரிக்கத் தூதர் ஐந்து நாள் முன்னதாகவே கொடியைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு ஹெலிகாப்டரில் போய்விட்டார்.

செட்டியார் அப்போது ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். எண்ணிக்கை இருபத்திரண்டு. அவர் முகம் மாறியதை அன்னக்கிளி கவனித்தாள்.

“கம்போடியா வேற. சைகோன் வேற” என்றார்.

“உக்கார வைக்கப் போறேன். கம்பியைக் கெட்டியாப் பிடிங்க. கையை மாத்துறேன்.” உட்கார வைத்தாள். கால்களைத் தூக்கி மேலே வைத்தாள். போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு, வழக்கமில்லாத வழக்கமாக, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஐயா, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளு.”

“உங்களை நிப்பாட்டுறப்ப, கையை எடுக்கிறதுக்கு முன்னாடி நான் என்ன செய்றேன்?”

“சொல்ற. ஓயாமச் சொல்ற. காது வலிக்குது.”

“சொல்லாம எடுத்தா?”

“விழுவேன்.”

“என் கையே இல்லாம நின்னீகன்னா, கம்பியைப் பிடிப்பீக, இல்லாட்டிப் படுத்துக்கிருவீக. விழமாட்டீக. கை இருக்குன்னு நினைச்சு, இல்லாத கைமேல முழுப் பாரத்தையும் போடுறீக பாருங்க, அப்பத்தான் இடுப்பு முறியுறது.”

செட்டியார் ஜன்னல் கம்பியைப் பார்த்தார்.

“அந்தக் கூட்டாளி கை இருந்த வரைக்கும் சண்டை ஒரு மாதிரி நடந்துச்சு. மூணு தரம்னு நீங்க சொன்னது பொய்யில்லை. இப்பக் கை இல்லை. எடுத்துட்டேன்னு சொல்லவும் மாட்டேங்குறான்.”

“ஆஸ்பத்திரி ஆயா நீ. உனக்கு ராஜாங்கம் தெரியுமாக்கும்?”

“தெரியாது. ஆளு எப்படி விழும்னு தெரியும்.”

வீரையா வாசல்பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினார். செட்டியார் அவரை முறைத்துவிட்டு, மேலே உத்தரத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கிடந்தார். அந்தத் தேக்கெல்லாம் பர்மாவிலிருந்து வந்தது. பர்மாவும் போயிற்று, மரம் மட்டும் மிச்சம்.

“என் மகன் அங்க யாரை நம்பி நிக்கிறான்? அமெரிக்காக்காரனையா?”

“இல்லைங்கய்யா. உங்களை.”

அவள் எழுந்து பெட்பானை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வந்தபோது செட்டியார் அழுதுகொண்டிருந்தார். பக்கவாதக்காரர்கள் எளிதில் அழுவார்கள். அதற்கெல்லாம் அர்த்தம் தேடக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“வீரையா வெளியே போகட்டும். சாலாவும் வேணாம். கதவைச் சாத்து. கிட்ட வா.”

காதருகில் குனிந்தாள். அவர் சொன்னதை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

“சின்னக்கருப்பு. அதுதான் சொல்லு. அவன் ஏழு வயசுல அழுது அழுது தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச கன்னுக்குட்டி. மருமக கிட்டச் சொல்லாதே.”

மறுநாள் முதல் பஸ்ஸில் அன்னக்கிளியே காரைக்குடிக்குப் போனாள். ஆங்கில எழுத்து அவளுக்குத் தெரியும். மருந்துச் சீட்டுப் படிக்கக் கற்றது. ‘சின்னக்கருப்பு. உடனே புறப்படு’ என்று பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்தாள். தந்தி ஆபீஸ் ஆள் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

“சைகோனா? லைன் இருக்கான்னே தெரியலம்மா. போனாப் போகும்.”

“அனுப்புங்க.”

“இதாரு சின்னக்கருப்பு?”

“கன்னுக்குட்டி.”

அவர் வார்த்தைகளை எண்ணிக் காசு வாங்கிக்கொண்டார்.

பிறகு எட்டு நாள். அந்த எட்டு நாளை அன்னக்கிளி இரண்டு மணி நேரம், இரண்டு மணி நேரமாகக் கடத்தினாள். புரட்டு, தேய், பவுடர் போடு, நிறுத்து, எண்ணு. சைகோன் ஜனாதிபதி பதவியை விட்டு விலகினார். கூட்டாளி கைவிட்டுவிட்டான் என்று ரேடியோவில் அழாத குறையாகப் பேசினாராம். இரண்டு நாள் கழித்து, அமெரிக்காவைப் பொறுத்தவரை இந்தச் சண்டை முடிந்துபோன விஷயம் என்று அமெரிக்க ஜனாதிபதி ஏதோ ஒரு கல்லூரியில் பேசியதைச் செய்தியில் சொன்னார்கள். மாணவர்கள் கைதட்டினார்களாம்.

“இப்பச் சொல்லிட்டான்” என்றார் செட்டியார். “நீ சொன்னபடிக்குச் சொல்லிட்டான்.”

“விழுந்த பிறகு சொல்லி என்ன?” என்றாள் அன்னக்கிளி. “வாயைத் திறங்க, மருந்து.”

ஒன்பதாம் நாள் பாங்காக்கிலிருந்து தந்தி வந்தது. வந்து சேர்ந்தேன், மெட்ராஸ் வருகிறேன். சாலா அதை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. அதற்கு மறுநாள் நெற்குப்பை பஸ்ஸில் இன்னொரு செய்தி வந்தது. சின்னத்தாயிக்குப் பதினைந்து நாள் முன்னதாகவே வலி கண்டு, பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மருத்துவச்சி இருந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். அன்னக்கிளி அப்போது செட்டியாருக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்தாள். “சரி” என்றாள். கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி எடுத்தாள்.

மெய்யநாதன் காலை ரயிலில் வந்து இறங்கினார். கையில் ஒரே ஒரு தோல்பை. நாற்பத்தைந்து வயதுக்கு அறுபதுபோல இருந்தார். அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு சாலா கொடுத்த காப்பியைக் குடித்தபடி, “நம்ம கன்னுக்குட்டி சின்னக்கருப்பு பேரைப் பார்த்ததும் பையைத் தூக்கிட்டேன். அந்தத் தந்தி வந்ததே பெரிசு. மறுநாள் வந்திருந்தா டிக்கெட் கிடைச்சிருக்காது” என்றார்.

“சின்னக்கருப்பா?” என்றாள் சாலா. “கட்டுனவ தந்தி குடுத்தா ஆடாது அசையாது. கன்னுக்குட்டி கூப்பிட்டா ஓடி வருவீக.”

செட்டியாரே சிரித்துவிட்டார், வாய் ஒருபக்கம் கோணியபடி.

அன்று சாயங்காலச் செய்தியில் சைகோன் சரணடைந்துவிட்டது என்றார்கள். ஜனாதிபதி மாளிகைக் கதவை டாங்கி முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே போனதாம். வீரையா ரேடியோவை அணைத்தார். யாரும் அணைக்கச் சொல்லவில்லை. ஐம்பது வருஷத்து வீடும் கடையும் அந்த ஒரு நிமிஷத்தில் இல்லாமற் போனதை எல்லோரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“சாவி?” என்று செட்டியார் கேட்டார்.

“கடையில துணி வெட்டுற அந்த ஊரு அம்மா கிட்டக் குடுத்தேன் அப்பச்சி. பதினெட்டு வருஷமா இருக்கிறவ. நம்பிக்கையான ஆளு.” மெய்யநாதன் நிறுத்தினார். “பதினஞ்சு நாள்ல வந்துருவேன்னு சொன்னேன்.”

அன்னக்கிளி கால்மாட்டில் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். “வருவீகளா?”

“எப்படி வர முடியும்? எல்லாம் முடிஞ்சுபோச்சே.”

“சொல்றப்பத் தெரியுமா, வரமாட்டோம்னு?”

அவர் தோல்பையை நகர்த்தி வைத்தார். “விமானத்துக்கு நேரமாச்சு. அவ அழுதா. ஏதாவது சொல்லணுமில்லையா. அவ அண்ணன் ஏதோ படகு ஏற்பாடு பண்ணியிருந்தான், கூட வான்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தான். கடைச் சாவி என் கையில இருக்கு, முதலாளி வந்து கேப்பாரு, நான் வரலைன்னு என் முன்னாடியே அவன்கிட்டச் சொல்லிட்டா.”

செட்டியார் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

“எழுதுறா” என்றார். “வரமாட்டேன்னு எழுது. சாவியை எறிஞ்சுட்டு எங்குட்டுப் போகணுமோ போன்னு எழுது.”

“இனிமே எழுதி என்ன அப்பச்சி? போய்ச் சேராது.”

“சேருதோ சேரலையோ. எழுது.”

மெய்யநாதன் எழுந்து போனார். அன்னக்கிளி விளக்கைத் தணித்தாள். சாலாவிடம், “சின்னய்யா வந்துட்டாக. நாளைக்குக் காலையில நான் கிளம்புறேன் ஆச்சி. இப்பவே சொல்லிட்டேன்” என்றாள். சாலா இருங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை.

மறுநாள் காலை அன்னக்கிளி ஸ்பிரிட் பாட்டிலை மெய்யநாதன் கையில் கொடுத்தாள். வட்டமாக, அழுத்தாமல், சூடேறும் வரை என்று சொல்லிக்கொடுத்தாள். துணிக்கடைக் கை, மெத்தென்றுதான் இருந்தது, பழகிவிடும். இரண்டு மணிக்கொருதரம், ராத்திரி உட்பட, என்றாள். பிறகு செட்டியாரை ஜன்னலோரம் நிறுத்தி, பிடியை மகனுக்கு மாற்றிக் கொடுத்தாள். “நான் கையை எடுக்கிறேன் ஐயா. இப்ப மகன் பிடிச்சிருக்காக.” நாற்பத்தாறு எண்ணும் வரை நின்றார். போய்வருகிறேன் என்று சொல்லாமல் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் தலையை ஆட்டினார்.

வீரையா அவளுடைய தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் கையில் மெய்யநாதன் அந்த ஊர் எழுத்தில் எழுதிக் கொடுத்த கடிதம். போகிற வழியில் தபாலாபீசில் நின்றாள். அங்கிருந்தவர் விலாசத்தைப் பார்த்துவிட்டு உறையைத் திருப்பிக் கொடுத்தார்.

“சைகோனுக்குத் தபால் எடுக்கலம்மா. நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்காக.”

“எப்ப எடுப்பீக?”

“யாருக்குத் தெரியும்? ஒரு மாசமோ, ஒரு வருஷமோ.”

அவள் உறையை வீரையாவிடம் கொடுத்தாள். “நாளைக்குக் கொண்டாந்து குடுங்க. வாங்கலைன்னா மறுநாள். பேப்பர் வாங்க வர்றப்பெல்லாம் கேளுங்க.”

“என்னைக்காச்சும் போய்ச் சேருமாக்கா?”

“எனக்கென்ன தெரியும். வாங்குற வரைக்கும் கேளுங்க.”

வீரையா அதை மடிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பஸ் வந்தது. உட்கார இடமில்லை. பெட்டியைக் காலடியில் தள்ளிக்கொண்டு, நெற்குப்பைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு, அன்னக்கிளி மேல்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனாள்.